பாலிஷுக்குப் போன கம்மல்

பள்ளிச் சுற்றுலாவுக்குக் குழந்தையோடு அனுப்பிய எந்தப் பொருளும் ஒழுங்காக வீடு திரும்பாது. அதற்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று வந்து சேரும். என் சமையலறையில் இன்றைக்கும் ஒரு நீல நிற டிபன் பாக்ஸ் மூடி இருக்கிறது. அதற்கு உரிய பாக்ஸ் எந்த வீட்டில் இருக்கிறதோ தெரியாது. எங்கள் பச்சை பாக்ஸ் வேறு எங்கோ மூடியில்லாமல் காலம் தள்ளுகிறது. இதையெல்லாம் பள்ளியில் போய்க் கேட்டால், "கொழந்தைங்கதானே மேடம்" என்று சிரிப்பார்கள். (தொலைச்சது கொழந்தைங்க, திட்டு வாங்க மட்டும் அம்மாவா?)

நான் சொல்ல வந்தது மூடி போன கதை அல்ல, கம்மல் போன கதை. நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் சிரிப்பு வருகிறது. அதைப் பார்த்து என் ஆத்திரம் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

அப்போது என் மகள் யாழினி நான்காம் வகுப்பு. கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளி. அவள் காதில் கிடந்த கம்மல், என் அண்ணன் சேகர் காது குத்துக்குப் போட்டது. பூ வடிவத்தில் நடுவே ஒரு சிவப்புக் கல். தாய்மாமன் போட்ட கம்மல் என்றால் சும்மாவா? அண்ணன் கலசப்பாக்கத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் கோபக்காரர். கோபம் வந்தால் கத்தித் தீர்க்கிற ரகம் கூட அல்ல, பேச்சை நிறுத்திவிடுகிற ரகம். எங்கள் வீட்டு விசேஷத்தில் அவருக்கு வைத்த தட்டில் ஒரு வாழைப்பழம் கறுத்திருந்தது என்பதற்காகப் பொங்கலுக்குக்கூடப் பேசாமல் இருந்தவர். யாழினியை எப்போது பார்த்தாலும் முதல் வேலையாக அவள் காது மடலைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "மாமன் போட்ட கம்மல் எப்படி மின்னுது பாரு" என்பார். குழந்தை சௌக்கியமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

அந்த அண்ணன், கடையைப் பெரிதாக்கிய சந்தோஷத்தில், வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அதே வாரத்தில்தான் பள்ளியில் ஜமுனாமரத்தூர் சுற்றுலா. இரண்டு நாளுக்கும் நடுவில் ஒரு பெரிய குழி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தது. மலையில் பிளாஸ்டிக் கூடாது, ஸ்கூல் பேக் வேண்டாம், மாற்றுத் துணியும் துண்டும் சாப்பாடும் ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பவும், துணைக்கு வர விருப்பமுள்ள பெற்றோர் வரலாம். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம் யார் வீட்டில் கல்யாணம் நடந்தது? பள்ளித் தாளாளர் வீட்டில். அவர் மகன் கல்யாணத்துக்கு எல்லாப் பெற்றோரையும் அழைத்திருந்தார். எல்லாரும் போனோம். சாப்பிட்டு வெளியே வரும்போது ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தார்கள். மஞ்சள் நிறம், நல்ல கெட்டித் துணி, சிவப்பு எழுத்தில் பிள்ளையார் படமும் மணமக்கள் பெயரும். (நான் மூணு வாங்கினேன். பை நல்லா இருந்தது, அதுல இன்னா தப்பு?)

துணிப்பை என்றதும் ஊரில் உள்ள அத்தனை அம்மாக்களும் கதவுக்குப் பின்னால் தொங்கிய எந்தப் பையை எடுத்திருப்பார்கள்? சுற்றுலா அன்று காலை பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகள் கையிலும் அதே மஞ்சள் பை. தாளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் இன்னொரு முறை கிளம்புகிறோம் என்றுதான் வழியில் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

நான் துணைக்குப் போகிறவளாகப் பெயர் கொடுத்திருந்தேன். "நீ எதுக்குப் போற? நீ போனாலும் தொலையறது தொலையத்தான் போவுது" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த வாய்முகூர்த்தத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இத்தனை பையும் ஒரே மாதிரி இருந்தால் மாறும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. எனக்கு மூளை இருக்கிறது என்ற கர்வம் அந்தக் காலத்தில் கொஞ்சம் அதிகம். கைப்பையில் கிடந்த யாழினியின் பழைய சிவப்பு ரிப்பனை எடுத்து எங்கள் பையின் காதில் பூ முடிச்சாகக் கட்டினேன். இனி எந்தக் கூட்டத்திலும் என் பை தனியாகத் தெரியும் என்று நிம்மதியாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

அதை வகுப்பாசிரியை செல்வி டீச்சர் பார்த்துவிட்டார். "சூப்பர் ஐடியா மேடம்" என்று கை தட்டினார். தட்டியதோடு விட்டிருக்கலாம். பஸ் நடுவில் எழுந்து நின்று, "பொண்ணுங்கல்லாம் இவங்களப் பாத்துக் கத்துக்குங்க, ஆளுக்கொரு சடை ரிப்பன அவுத்துப் பையில கட்டுங்க" என்றார். பிள்ளைகள் கட்டினார்கள். எல்லாம் பள்ளி ரிப்பன், எல்லாம் சிவப்பு. பஸ் போளூர் தாண்டுவதற்குள் என் மூளை ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் தலைவிரிகோலமுமாக இருந்தார்கள்.

மலைப்பாதை வளைவுகளில் நான்கைந்து பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக்கொண்டே நானும் டீச்சரும் மேலே போய்ச் சேர்ந்தோம். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. குளிக்கப் போகும் முன், நகை போட்ட பிள்ளைகள் கழற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். (பத்திரமா எங்க வைக்கறது? பாறை மேலயா?)

யாழினியின் கம்மலை என் கையாலேயே கழற்றினேன். திருகைத் திரும்ப மாட்டி, முறுக்கு சுற்றி வந்த காகிதத் துண்டில் மடித்து, எங்கள் பைக்குள் மாற்றுத் துணிக்கு அடியில், மூலையில் செருகினேன். கைப்பையில் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காத ஆள் எங்கள் வம்சத்திலேயே இல்லை. கைப்பையைப் பிடுங்க அங்கே குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அதுதான் காரணம். இதற்கு மேல் என்னிடம் விளக்கம் கிடையாது.

பிள்ளைகள் குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பையை எடுத்தார்கள். உள்ளே இருந்ததை மாட்டினார்கள். குளிரில் யார் பார்த்தார்கள்? ஒரு பையன் பாவாடையைத் துண்டு என்று நினைத்துத் தலை துவட்டினான். ஒருத்தி யாருடைய அரைக்கால் சட்டையிலோ நின்றுகொண்டு அழுதாள். சிவப்பு ரிப்பன் கட்டிய பைகளுக்குள் பெரிய போரே நடந்தது. ரித்திக் என்ற பையன் கடைசிவரை பூப் போட்ட ஜட்டியோடுதான் ஊர் திரும்பினான். அவன் அம்மா அதற்காக இன்றும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் ஒரு மாதிரி பார்க்கிறார். ரிப்பன் யோசனை என்னுடையது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

செல்வி டீச்சர் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். போட்டோவுக்காகக் கொண்டு வந்திருந்த பள்ளி பேனரைத் தரையில் விரித்தார். எல்லாப் பைகளையும் அதன்மேல் தலைகீழாகக் கொட்டச் சொன்னார். துணி, துண்டு, டிபன் பாக்ஸ், சீப்பு எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. அவரவர் பொருளை அவரவர் அடையாளம் கண்டு எடுக்க வேண்டுமாம். எடுத்தார்கள். அது வரைக்கும் சரி. பிறகு காலிப் பைகளை இஷ்டத்துக்கு விநியோகித்தார். "பை எதுவா இருந்தா இன்னா மேடம், எல்லாம் ஒரே பைதானே" என்றார்.

எனக்கும் ஒரு பை வந்தது. அதில் ரிப்பன் இல்லை. யாரோ ஒரு பையனுடைய பை என்று முடிவு செய்தேன். மேலாக உள்ளே பார்த்தேன், காலியாக இருந்தது. அக்குளில் செருகிக்கொண்டு, குவியலில் என் காகிதப் பொட்டலத்தைத் தேடினேன். குவியல் தீர்ந்தது. பேனர் மட்டும் மிச்சம் இருந்தது. பொட்டலம் இல்லை.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அதை அந்தப் பேனரின்மேல் மண்டியிட்டுக்கொண்டு அனுபவித்தேன். தங்கம் போனது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அந்தக் காது மடலைத் திருப்பிப் பார்ப்பாரே, அதுதான் கண் முன்னால் வந்து நின்றது. கறுத்த வாழைப்பழத்துக்கே பொங்கல் போனது. கம்மலுக்கு எத்தனை பொங்கல் போகும்?

பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தேன். ரிப்பன் கட்டிய பைகளை ஒவ்வொன்றாக வாங்கி உதறினேன், உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். பிறகு ரிப்பன் இல்லாதவற்றையும் உதறினேன். ஒரு குழந்தையின் பையில் பாதி கடித்த கொய்யா இருந்தது, இன்னொன்றில் உயிரோடு ஒரு நத்தை இருந்தது. நத்தைக்காரன் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை நகர மாட்டேன் என்று அடம்பிடித்தான். பாறை இடுக்கிலும் தேடினேன். டீச்சர் பக்கத்தில் நின்று, "டென்ஷன் ஆகாதீங்க மேடம், கெடைக்கும்" என்றார். அவர் மாமன் போட்ட கம்மலா அது, அவருக்கு டென்ஷன் ஆக?

டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். சந்தையில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு இருட்டும் முன் மலை இறங்க வேண்டுமாம். போலீஸைக் கூப்பிட வேண்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். யாழினி என் புடவையைப் பிடித்து இழுத்து, "அம்மா, மானம் போவுது" என்றாள். காதில் ஒன்றும் இல்லாமல் நின்றவள் எனக்கு மானத்தைப் பற்றிச் சொன்னாள்.

ஜமுனாமரத்தூர் சந்தையில் பிள்ளைகள் கடலை மிட்டாய் வாங்கினார்கள். நான் பித்துப் பிடித்தவள் போல நடந்தேன். அப்போது ஒரு மலைக்கார அம்மா புளியைக் குவித்து வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அண்ணனுக்கு மலைப் புளி என்றால் உயிர். வெறுங்கையோடும் வெறுங்காதோடும் அவர் முன்னால் போய் நிற்பதைவிட, கையிலாவது ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றியது. வயிற்றில் கரைத்தது போதாதென்று காசு கொடுத்தும் வாங்கினேன்.

"கொட்ட எடுத்ததா, எடுக்காததா?" என்று அந்த அம்மா கேட்டார். கொட்டை எடுத்த புளியில் என்னத்தையாவது கலப்பார்கள் என்பது அண்ணனின் கொள்கை. அதனால் எடுக்காததையே கேட்டேன். அக்குளில் இருந்த பையை நீட்டினேன். அந்த அம்மா புளியைப் பெரிய உருண்டையாக உள்ளே வைத்து அழுத்தி, பையின் காதுகளை இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். ஞாயிறுவரை அது அங்கேயே தொங்கியது.

ஞாயிறுவரை நான் என்ன செய்தேன்? வாட்ஸ்அப் குழுவில் கம்மலைப் பற்றி எழுதினேன். கும்பிடு போட்ட படங்களும் "அச்சச்சோ" என்ற சொல்லும் வந்தன. ஒரு அம்மா, கம்மல் இருக்கட்டும், என் பையன் பனியன் யார்கிட்ட இருக்கு என்று கேட்டார். உடனே எல்லாரும் துண்டு, சாக்ஸ், தண்ணீர் பாட்டில் என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் கம்மல் மேலே மேலே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. மறுநாள் காலை தாளாளர் ரோஜாப்பூ படம் போட்டு இனிய காலை வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நான் பேசவில்லை. (எனக்கும் பேச்ச நிறுத்தத் தெரியும். அண்ணன் ரத்தம்தானே.)

ஃபேன்சி ஸ்டோரில் ஒரு பிளாஸ்டிக் தோடு வாங்கி யாழினிக்கு மாட்டினேன். மாமா கேட்டால், கம்மல் பாலிஷுக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினேன். அடுத்த மாதம் சீட்டுப் பணம் வந்ததும் அதே மாதிரி கம்மல் ஒன்று செய்துவிடலாம் என்பது என் திட்டம். பிள்ளை ஒப்பித்தாள். கலசப்பாக்கம் போகும் பஸ்ஸிலும் ஒப்பித்தாள்.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். வா என்று சொல்வதற்கு முன்பே அவர் கை யாழினியின் காதுக்குப் போனது.

"இன்னா விஜி, கொழந்த காதுல பிளாஸ்டிக்கு கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள்.

"பாலிஷுக்குப் போயிருக்கு மாமா. காணாமல்லாம் போவல."

கடைசி இரண்டு சொற்களை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் புளிப் பையை அண்ணி மல்லிகாவின் கையில் திணித்து, ஜமுனாமரத்தூர் புளி, உங்களுக்காகவே வாங்கினேன் என்று ஏதேதோ பேசினேன். "மின்னுற கம்மலுக்கு இன்னாத்துக்குப் பாலிஷு?" என்று அண்ணன் கேட்டது காதில் விழாத மாதிரி உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் அதற்குள் அண்ணனின் புது மோட்டார் ஒன்றை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் அவருக்கு மோட்டார்மேல் ஆசை வரும்.

அன்றைக்கு மீன் குழம்பு. நான் கொண்டு போன புளியிலேயே அண்ணி ஒரு கை பிய்த்துக் கரைத்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணன் பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிட்டால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். பாலிஷ் போடும் கடை எந்த ஊரில் என்று கேட்டார். வேலூர் என்றேன். எந்தத் தெரு என்றார். எனக்குப் புரையேறியது.

அப்போது கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மல்லிகா, கொட்டைய எடுக்காம அப்படியே கரைச்சிட்டியா" என்று அண்ணியைக் கடிந்துகொண்டே வாயிலிருந்ததை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். வைத்தவர் அதையே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். குழம்புக்கு நடுவில் ஒரு சிவப்புக் கல் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று வந்தவளுக்கு, ஒரு சின்னக் கம்மலைக் குழம்பில் மறைக்க முடியவில்லை. எனக்கே அது எப்படி அங்கே வந்தது என்று புரியவில்லை. யாழினிதான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அது நம்ம பைதாம்மா. போட்டோக்கு ஒரு சடையாவது கட்டணும்னு டீச்சர் சொன்னாங்க. என் ரிப்பன் தண்ணியில போயிடுச்சு. அதான் பையில இருந்தத அவுத்துக் கட்டிக்கினேன்."

ஊரார் பிள்ளைகளின் பைகளை எல்லாம் உதறினேனே, அந்த நேரம் முழுக்க என் பை என் அக்குளிலேயே இருந்திருக்கிறது. அடித்தையல் மூலையில் சிக்கிய பொட்டலம் பிரிந்து, கம்மல் இரண்டும் புளிக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் உண்டு. அக்குளில் கம்மலை வைத்துக்கொண்டு நத்தைக்காரனோடு சண்டை போட்டவள் நான் ஒருத்திதான்.

"ஏண்டி, அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"நீ எல்லாரையும் கேட்ட, என்னக் கேக்கவே இல்லியே" என்றாள்.

அண்ணன் இலையிலிருந்து எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி சில வருஷங்களுக்குக் கலசப்பாக்கம் பஸ்ஸில் ஏறும் வேலை இல்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் அவர் சமையலறையில் நின்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, புளி உருண்டையை ஒரு பேசினில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். மோட்டாரைப் பிரிக்கிறவர் கையல்லவா, ஒரு கொட்டையைக்கூட விடாமல் தடவிப் பார்த்தார். இரண்டாவது கம்மலும் அகப்பட்டது. திருகுகூடப் பத்திரமாக இருந்தது.

இரண்டையும் குழாயில் கழுவி, துண்டில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பித்தளைப் பாத்திரத்துக்கே புளி போட்டால் அந்த மினுக்கு வரும். தங்கத்துக்குக் கேட்க வேண்டுமா? கடையில் வாங்கிய அன்றுகூட அது அப்படி மின்னவில்லை. யாழினியைக் கூப்பிட்டு, அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் கையாலேயே மாட்டினார். காது மடலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாலிஷுக்குப் போட்டிருக்கேன்னியே விஜி, நல்லாத்தான் போட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அண்ணி சிரித்தார். மோட்டார் பார்க்கப் போன மனிதர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. நிம்மதியால் வந்த அழுகை என்று அவர்கள் நினைத்தார்கள். பாதிதான் நிம்மதி, பாதி ஆத்திரம். ஒரே மாதிரி பை கொடுத்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் ரிப்பனை ஊருக்கெல்லாம் கட்டிய டீச்சரையும், ரிப்பனை அவிழ்த்தவளையும்கூட யாரும் கேட்கவில்லை. பொட்டலம் கட்டிய நான் மட்டும் குற்றவாளி. இது எந்த ஊர் நியாயம்?

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளும் காணாமல் போவது கிடையாது. எல்லாம் பாலிஷுக்குத்தான் போகிறது. என் வீட்டுக்காரரின் கண்ணாடி பாலிஷுக்குப் போகும். யாழினியின் ஜியோமெட்ரி பாக்ஸ் வாரம் ஒரு முறை போகும். அண்ணன் கடையில் ஸ்பேனர் காணவில்லை என்றால், வேலை செய்யும் பையன்கள்கூட, "பாலிஷுக்குப் போயிருக்கும்ணா" என்கிறார்களாம். யார் என்ன என்று தெரியாத பிள்ளைகள் வாயில்கூட என் கதை புழங்குகிறது.

போன வாரம் என் ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். வயசுக்கு வந்த பெண், காதில் அதே கம்மலோடு, போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாலிஷுக்குப் போயிருக்கும், அக்குள்ல பாரும்மா" என்றாள்.

சாவி எங்கே இருந்தது என்பதை இங்கே எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.